முப்பது வருடம் காத்திருக்கிற தூசி

பொழுது விடிய இன்னும் நேரம் இருந்தது. மிசிசாகாவில் பூட்டிக் கிடந்த ஒரு பழைய தொழிற்சாலையின் கொதிகலன் அறைக்குள் நாங்கள் ஏணிகளில் நின்றோம். கையில் வளைந்த கத்தி. தலைக்கு மேலே ஆள் பருமனில் குழாய்கள். அந்தக் குழாய்களில் ஓடிய நீராவியின் சூடு வெளியே போகாமல் இருக்க ஒரு காலத்தில் யாரோ சுற்றிப் பூசிய வெள்ளை உறைதான் எங்கள் வேலை. அதை நீளத்துக்குக் கீறி, இரண்டு கையாலும் பிளந்து, கீழே போடவேண்டும். பிளக்கும்போது அரிசிமா மாதிரி உதிரும். கண் இமையில் இருக்கும், காதுக்குள் இருக்கும், சேர்ட் கொலருக்குள் இறங்கும், நாக்கில் ஒட்டும். வெளியே கொட்டிக்கொண்டிருந்ததும் வெள்ளை, உள்ளே கொட்டிக்கொண்டிருந்ததும் வெள்ளை. வெளியே கொட்டியது பங்குனியில் உருகிவிடும் என்பது மட்டும்தான் வித்தியாசம். முகத்துக்கு எங்களுக்குத் தந்திருந்தது பெயின்ற் அடிக்கிறவர்கள் போடும் கடதாசி மூடி.

கீழே புனிதவதி அக்கா நின்றார். நாங்கள் போடுவதைத் தும்புத்தடியால் கூட்டி, கறுத்தப் பைகளில் அள்ளிக் கட்டுவது அவர் வேலை. மேலே நிற்கிற எங்களைவிட அவருக்குத்தான் தூசி கூட. கூட்டக் கூட்ட அது எழும்பி அவருடைய தலைமயிரை நரைக்க வைத்துவிடும். "இண்டைக்கும் கிழவியாப்போனன்" என்று சிரிப்பார். முப்பத்தாறு வயதுப் பெண்.

அந்த அறையில் தண்ணீர்க் குழாய் இருந்தது. இந்த நாட்டுச் சட்டப்படி அந்த உறையைத் தண்ணீர் அடித்து ஊறவைத்துத்தான் தொடவேண்டும். ஊறினால் தூசி எழும்பாது. ஆனால் ஊறினால் பை பாரமாகும், பாரமானால் குப்பை கொட்டுகிற இடத்தில் கூடக் காசு கேட்பார்கள், வேலையும் இழுபடும். ஆகவே எங்கள் முதலாளி அருள்நாயகம் அண்ணை தண்ணீரை நிறுத்தி வைத்திருந்தார்.

அவர் வெள்ளைக்காரன் இல்லை. எங்கள் ஆள்தான். மில்லிக்கனில் பெரிய வீடு. கோயில் திருவிழாவில் உபயகாரர். ஊரிலிருந்து வந்திறங்கி, ஆங்கிலமும் வராமல் அகதிப் பேப்பரும் சரிவராமல் நிற்கிறவனைக் கண்டால் முதலில் கோப்பி வாங்கிக் கொடுப்பார், பிறகு ஏணியில் ஏற்றிவிடுவார். பெரிய கொம்பனி ஒன்று இந்த வேலையை அவரிடம் தள்ளிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது. அவர் அதை எங்கள் மேல் தள்ளிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். எங்களுக்கு மூடுவதற்கு நேரமில்லை.

அன்றைக்குத் தியாகலிங்கம் அண்ணை ஏணியின் நடுவில் நின்றுவிட்டார். ஐம்பத்தேழு வயது. எங்கள் எல்லோரிலும் மூத்தவர். ஆறு வருடமாக அருள்நாயகத்தின் வேலைதான்.

"என்ன அண்ணை, ஏலாதோ?" என்று கேட்டேன்.

"மூச்சு பாதி வழியில நிக்குது, வேல். உள்ள போகுதில்லை."

என் முழுப்பெயர் இரத்தினவேல். அவர் மட்டும் வேல் என்று கூப்பிடுவார். நான் இறங்கிப் போய் அவரைப் பிடித்தேன். கடதாசி மூடியைக் கழற்றினேன். உதடு நாவற்பழம் தின்றவரின் உதடு போல இருந்தது. மற்றவர்களும் இறங்கி வந்தார்கள். வான் ஓட்டி வந்தவர் அருள்நாயகத்துக்குப் போன் எடுத்து, போனை என் கையில் தந்தார்.

"ஆளைக் கொண்டுபோய் வானுக்குள்ள இருத்து," என்றார் அருள்நாயகம். "சூடு போட்டுவிடு. அது சரி, விழுந்தது ஒராள்தானே? மற்ற ஆக்கள் ஏன் இறங்கினவை?"

அவரை வானுக்குள் இருத்திவிட்டு நாங்கள் திரும்ப ஏறினோம். ஏறினோம் என்று எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் நடந்தது அதுதான்.

பிறகு அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது நான் மொழிபெயர்க்கப் போனேன். நெஞ்சில் ஊசி குத்தி வாளிக்கணக்கில் தண்ணீர் எடுத்தார்கள். பிறகு துளை போட்டு, உள்ளே சின்னக் குழாய் விட்டுப் பார்த்து, ஒரு துண்டு வெட்டி எடுத்துச் சோதித்தார்கள். கடைசியில் ஒரு பெண் மருத்துவர் வந்து உட்கார்ந்தார். இந்த ஒரு நோயையே ஆராய்ச்சி செய்கிறவர். மீசோதீலியோமா என்றார். அந்தப் பெயரைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று நான் முழித்தேன்.

"நுரையீரலைச் சுற்றி ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. அதில் வருகிற புற்றுநோய் என்று சொல்லுங்கள்," என்றார். "பெரும்பாலும் அஸ்பெஸ்ரஸ் நாரால் வருவது. கண்ணுக்குத் தெரியாத ஊசி மாதிரியான நார். மூச்சோடு உள்ளே போனால் வெளியே வராது, கரையாது. அங்கேயே கிடந்து குத்திக்கொண்டிருக்கும்."

தியாகலிங்கம் அண்ணையின் மனைவி தவமணி அக்கா திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். "அஸ்பெஸ்ரஸோ? வீட்டுக் கூரைக்குப் போடுற சீற்றோ? அது நல்ல சாமான் எல்லே?"

எங்கள் ஊரில் ஓலைக் கிடுகைக் கழற்றிவிட்டு அஸ்பெஸ்ரஸ் சீற் போட்டவன் வீட்டுக்கு அடுத்த மாதமே சம்பந்தம் பேச ஆள் வரும். அப்படிப்பட்ட மரியாதையான சாமான் ஆளைக் கொல்லும் என்று சொன்னால் யார் நம்புவது?

"சிகரெட்டாலயோ எண்டு கேள்," என்றார் தியாகலிங்கம் அண்ணை.

"இந்த நோய்க்குச் சிகரெட் காரணமில்லை," என்றார் மருத்துவர். "இந்த வேலையில் எவ்வளவு காலம்?"

"ஆறு வருடம்."

அவர் முகம் சுருங்கியது. "அது போதாது. இது மெதுவாக வருகிற நோய். நார் உள்ளே போய் முப்பது, நாற்பது வருடம் கழித்துத்தான் பொதுவாகத் தலைகாட்டும். முப்பது வருடத்துக்கு முன் இவர் என்ன வேலை செய்தார்? நன்றாக யோசித்துச் சொல்லச் சொல்லுங்கள். எங்கள் ஆராய்ச்சிக்கு அதுதான் முக்கியம்."

நான் கேட்டேன். தியாகலிங்கம் அண்ணை என் முகத்தைப் பார்க்காமல், "கமம்," என்றார். "பிறந்ததில இருந்து கமம்தான். வெங்காயமும் மிளகாயும் நட்டனான்." தவமணி அக்கா தன் கோட்டுப் பொத்தானைப் பிடித்தபடி நிலத்தைப் பார்த்தார்.

வெங்காயத்தில் அஸ்பெஸ்ரஸ் இல்லை. மருத்துவர் ஒன்றும் விளங்காமல் தலையாட்டினார். பிறகு வைத்தியத்தைப் பற்றிச் சொன்னார். மாற்ற மருந்தில்லை. நெஞ்சில் தண்ணீர் திரும்பச் சுரக்காமல் இருக்க உள்ளே ரல்கம் பவுடர் தூவி ஒட்டவைக்கலாம்.

"குழந்தைப்பிள்ளையளுக்குப் போடுற பவுடரோ?" என்றார் தவமணி அக்கா.

கிட்டத்தட்ட அதுதான் என்றார் மருத்துவர். தூசியால் வந்த வருத்தத்துக்குத் தூசியே மருந்து. கேட்டுக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்தது. சில இடங்களில் நோய் வந்த பக்கத்து நுரையீரலையே சவ்வோடு சேர்த்து எடுத்துவிட்டு, கதிர் அடித்து, மருந்தும் ஏற்றிப் பார்க்கிறார்களாம். இவருடைய உடம்பு அதைத் தாங்காதாம். புதிய ஊசி மருந்து ஒன்றை இங்கே பரிசோதிக்கிறார்களாம்.

"அது இவருக்கு உதவும் என்று நான் சொல்லமாட்டேன். பின்னால் வருகிறவர்களுக்கு உதவலாம்."

"பின்னால வாறவைக்கு எண்டால் ஏத்தச் சொல்லு," என்றார் தியாகலிங்கம் அண்ணை. "எவ்வளவு காலம் எண்டும் கேள். மறைக்காமல் சொல்லட்டாம்."

"ஒரு வருடம் என்று என்னால் உறுதி தர முடியாது."

அதை நான் தமிழில் சொன்னேன். மருத்துவர் எழும்பப் போனவர், நின்று, இன்னொன்று கேட்டார். "இவருடைய வேலை உடுப்பை வீட்டில் யார் தோய்க்கிறது?"

தியாகலிங்கம் அண்ணை முகத்தைத் திருப்பிக்கொண்டார். பதில் பக்கத்துக் கதிரையிலேயே இருந்தது.

அருள்நாயகம் நோய் பார்க்க வந்தார். எங்கள் வழக்கப்படி ஹோர்லிக்ஸ் போத்தலும் தோடம்பழமும் கொண்டுவந்தார். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. எங்களில் பாதிப் பேர் எக்லின்ரன் வீதியில் இருந்த அந்தச் சின்ன அப்பார்ட்மென்ரில் கூடியிருந்தோம். மருத்துவர் என்ன சொன்னவர் என்று தன்மையாக விசாரித்தார். தவமணி அக்கா மரியாதைக்குச் சொல்லிவிட்டார். அவ்வளவுதான், அந்த மனுசன் அதைப் பிடித்துக்கொண்டார்.

"பாத்தியளோ? படிச்ச டொக்டரே சொல்லிப்போட்டா, ஆறு வருசத் தூசியால உது வராதெண்டு. பிறகு ஏன் எல்லாரும் பேயறைஞ்ச மாதிரி இருக்கிறியள்? உது அவற்ற உடம்பு வாகு. கஷ்டகாலம். வேறென்ன?"

"தண்ணி அடிச்சுச் செய்தால் நல்லமாம் அண்ணை," என்றார் புனிதவதி அக்கா.

"அடிக்கலாம் பிள்ளை. அடிச்சால் இரண்டு கிழமை வேலை நாலு கிழமை எடுக்கும். கொம்பனி என்னை விட்டிட்டு வேற ஆளைப் பிடிக்கும். எனக்கு ஒண்டும் இல்லை, வீடு இருக்கு. நீங்கள் என்ன செய்யிறது? வெல்ஃபெயருக்குப் போய் வரிசையில நிக்கிறதோ?" தோடம்பழப் பையைத் தியாகலிங்கம் அண்ணையின் காலடியில் வைத்தார். "சும்மா விசர்க்கதை கதைச்சுக்கொண்டு லேபர் ஒபிசுக்குப் போன்கீன் எடுத்துப் போடாதேங்கோ. அவை வந்தால் முதல்ல உங்கட பேரைத்தான் எழுதுவினம். எழுதினால் அது நேர இமிகிரேசனுக்குத்தான் போகும்."

எங்களில் பலருக்கு இன்னும் அகதி வழக்கு முடியவில்லை. முடிந்தவர்களுக்கு இங்கே கூப்பிடவேண்டிய ஆட்கள் ஊரில் இருந்தார்கள். அந்தக் கடைசி வசனம் எங்கள் எல்லோருடைய வாயிலும் பூட்டுப் போட்டது. அத்தோடு, ஆறு வருடத்தால் வராது என்று கேட்டபோது எங்கள் உள்மனதில் ஒரு நிம்மதியும் வந்தது. பொய் சொல்வானேன்? அடுத்த நாள் விடிய நாங்கள் வானில் ஏறிவிட்டோம்.

ஒரு மாதம் போயிருக்கும். தியாகலிங்கம் அண்ணை பாதியாகிவிட்டார். பின்னேரம் ஒன்றில் வேலை முடிந்து நானும் புனிதவதி அக்காவும் அவரைப் பார்க்கப் போனோம். அக்கா தன் சின்ன மகள் நிரூபாவைப் பக்கத்து வீட்டு அன்ரியிடமிருந்து எடுத்துக்கொண்டு வந்திருந்தார். வேலை ஜக்கற்றோடேயே வந்துவிட்டார். பிள்ளை தாயின் மடியில் இருந்து, தாயின் தோளில் படிந்திருந்த தூசியில் விரலால் வீடு கீறி விளையாடியது. கீறிவிட்டு விரலை வாயில் வைத்தது.

"பிள்ளையை இறக்கு!" என்று கத்தினார் தியாகலிங்கம் அண்ணை.

அந்த மூச்சுக்கு அது பெரிய சத்தம். பிள்ளை அழத் தொடங்கியது. புனிதவதி அக்கா பயந்துபோய் எழும்பினார்.

"அதைக் கழட்டி வெளிய எறி. பிள்ளையின்ர கையைக் கழுவு. ஐயோ, கையைக் கழுவு!"

"ஏனண்ணை? ஆறு வருசத்தால ஒண்டும் செய்யாதெண்டுதானே…"

"எனக்கு ஆறு வருசமில்லை, பிள்ளை!"

தவமணி அக்கா குசினிக்குள் இருந்து ஓடிவந்தார். "வாயை மூடுங்கோ. கும்பிடுறன், வாயை மூடுங்கோ. மிதுனன்ர பேப்பர் உள்ள கிடக்கு."

மிதுனன் அவர்களுடைய ஒரே மகன். கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில், எப்போது பொலிஸ் கதவைத் தட்டும் என்று தெரியாமல் இருக்கிறான். அவனை இங்கே கூப்பிட ஸ்பொன்சர் செய்து, தூதரகத்தில் நேர்முகத்துக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாகிறதுக்கு முதல் அவனை ஒருதரம் பார்க்கவேண்டும் என்பதைத் தவிரத் தியாகலிங்கம் அண்ணைக்கு வேறு ஆசை இருக்கவில்லை.

அவர் சொன்னார். நிறுத்தி நிறுத்தி, மூச்சு எடுத்து எடுத்துச் சொன்னார். இருபத்துநான்கு வயதில் அவர் கப்பலுக்குப் போனவர். எந்திர அறையில் வேலை. அங்கேயும் இதே குழாய்கள், இதே வெள்ளை. அங்கே கழற்றுகிற வேலையில்லை, பூசுகிற வேலை. மூட்டையைப் பிரித்துக் கொட்டி, கையால் பிசைந்து, சுடச்சுடக் குழாயில் அப்புவார்களாம். சும்மா இருக்கிற நேரத்தில் அதை உருண்டை பிடித்து ஒருவர்மேல் ஒருவர் எறிந்து விளையாடுவார்களாம்.

"நல்ல காலமெல்லாம் அதுக்குள்ளதான் போனது. கலியாணம் கட்டத்தான் விட்டிட்டு வந்தனான்."

"அப்ப டொக்டரிட்ட ஏன் கமம் எண்டனீங்கள்?" என்றேன்.

"என்ர அகதிக் கேஸில அப்பிடித்தானே கிடக்கு."

எனக்கு உடனே விளங்கியது. எங்கள் ஆட்கள் ஒவ்வொருவருக்கும் விளங்கும். இங்கே வந்திறங்கியபோது அவருடைய வழக்கை எழுதிக் கொடுத்தவன், "கப்பல்காரன் எண்டால், போன நாட்டில எல்லாம் ஏன் அகதி கேட்கேல்லை எண்டு குடைவாங்கள். கமம் எண்டு போடுவம்," என்றிருக்கிறான். அன்றைக்கு மனப்பாடம் செய்த கதை. பேனையோடு யார் முன்னால் இருந்து கேள்வி கேட்டாலும், அது மருத்துவராகவே இருந்தாலும், எங்கள் வாயில் அந்தக் கதைதான் வரும். உயிர் போகிற நேரத்திலும் வழக்குக் கதையை மாற்றாத மனிதர்களாக எங்களை ஆக்கி வைத்திருக்கிறார்கள்.

"இனி இதைச் சொன்னால், ஆள் பொய்க்காரன் எண்டு எங்கட பேப்பரைப் பறிச்சால், பெடியன் அங்கயே நிக்கவேண்டியதுதான்," என்றார் தவமணி அக்கா. அவர் அழவில்லை. குரல் கடுமையாக இருந்தது. "சாகிறவர் செத்துப் போவார். நான் ரெண்டு பேரையும் இழக்கிறதோ?"

"ஆறு வருசம் என்ர உடுப்பை ஆர் உதறினது, தவம்?"

தவமணி அக்கா குசினிப் பக்கம் திரும்பினார்.

"டொக்டர் கேட்டவ. நான் வாய் திறக்கேல்லை. புனிதவதியும் உதறுறாள். இந்தப் பிள்ளைக்கு அஞ்சு வயசு. முப்பது வருசத்தைக் கூட்டிப் பார். மிதுனன் வந்து இறங்கினாலும் அருள்நாயகம்தான் முதல் கோப்பி வாங்கிக் குடுப்பான். அவனும் ஏணியில ஏறுவான்."

குளியலறையில் புனிதவதி அக்கா பிள்ளையின் கையைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. தேய்த்துக்கொண்டே இருந்தார், நிறுத்தவில்லை. தவமணி அக்கா தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தார்.

"பால்கனியில வைச்சுத்தான் உதறினனான்," என்றார். "காத்துக்கு எல்லாம் திரும்ப முகத்திலதான் அடிக்கும்." கதிரையில் இருந்தார். பிறகு, "எல்லாருக்கும் சொல்லுங்கோ," என்றார்.

அடுத்த ஞாயிறு எல்லோரையும் கூப்பிட்டோம். அறைக்குள் இடம் போதாமல் சிலர் வாசலில் நின்றார்கள். தியாகலிங்கம் அண்ணை கட்டிலில் சாய்ந்திருந்து கப்பல் கதையைத் திரும்பச் சொன்னார். சொல்லி முடித்தபோது ஒரு தம்பி, "கப்பலைப் பற்றிக் கதைக்காமல் விட்டால் அருள்நாயகத்தில கேஸ் போடலாம் அண்ணை. தவமணி அக்காவுக்கு ஏதும் காசு கிடைக்கும். கப்பலைச் சொன்னால் அவன் தப்பிப்போடுவான்," என்றான்.

"அவன் என்ர சாவில தப்பட்டும்," என்றார் தியாகலிங்கம் அண்ணை. "உங்கட சாவில தப்பக்கூடாது."

அதற்குப் பிறகு யாரும் கேஸ் பற்றிக் கதைக்கவில்லை. திங்கட்கிழமை நான் மத்தியானச் சாப்பாட்டு நேரம் பொதுத் தொலைபேசியில் இருந்து தொழில் அமைச்சுக்குப் போன் எடுத்தேன். மறுபக்கத்தில் பேசியவர் இடம் எங்கே, தண்ணீர் அடிக்கிறார்களா, முகத்துக்கு என்ன போடுகிறீர்கள் என்று கேட்டார். ஆபத்தான வேலையைச் செய்யமாட்டோம் என்று மறுக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது, அதை முதலாளியிடம் சொல்லுங்கள், நாளைக்கு ஒரு அதிகாரி வருவார் என்றார். என் பேப்பரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆறு வருடமாக எங்களைக் கட்டிவைத்த பயம் ஒரு கோப்பி குடிக்கிற நேரத்தில் பொய்யாகிப் போனது. எனக்கு வந்த கோபத்தில் தொலைபேசியை உடைத்திருப்பேன்.

செவ்வாய் விடிய நாங்கள் அங்கே போய் இறங்கினோம், உள்ளே போகவில்லை. பனிக்குள் வரிசையாக நின்றோம். என்னுடைய பழைய காரில் தியாகலிங்கம் அண்ணையையும் தவமணி அக்காவையும் கூட்டி வந்திருந்தேன். வரவேண்டாம் என்று சொல்லியும் அவர் கேட்கவில்லை. காருக்குள் போர்வை சுற்றிக்கொண்டு இருந்தார்.

வான்காரர் போன் எடுத்திருக்கவேண்டும். கொஞ்ச நேரத்தில் அருள்நாயகத்தின் கார் வந்தது. அதற்குப் பின்னால் இன்னொரு வான். அதற்குள் ஏழெட்டுப் புது முகங்கள். எல்லாம் எங்கள் ஆட்கள்தான். சிலர் போட்டிருந்த கோட்டில் விலைச்சீட்டு விட்ட நூல்கூட இன்னும் தொங்கியது.

"என்ன, படம் எடுக்க நிக்கிறியளோ?" என்றார் அருள்நாயகம்.

"தண்ணி திறந்து விடுங்கோ அண்ணை," என்றார் புனிதவதி அக்கா. "நல்ல மாஸ்க் தாங்கோ. உடுப்பு மாத்தவும் குளிக்கவும் இடம் தாங்கோ. அதில்லாமல் இதுக்குள்ள நாங்கள் வேலை செய்யமாட்டம்."

"ஆறு வருசத்தால ஒண்டும் வராதெண்டு டொக்டர் சொல்லேல்லையோ?"

"அவர் முப்பது வருசத்துக்கு முதல் கப்பலில இதே தூசிக்குள்ள நிண்டவர். அதுதான் இப்ப வந்திருக்கு."

அருள்நாயகம் ஒரு கணம் விழித்தார். பிறகு அவர் முகத்தில் ஒரு சிரிப்பு மலர்ந்ததே, அதைப் போலக் கேவலமான சிரிப்பை நான் கண்டதில்லை. பெரிய பாரம் இறங்கிய மனிதரின் சிரிப்பு.

"அப்ப கப்பல்! நான் இல்லை. பாத்தீங்களோ? நீங்களே உங்கட வாயால சொல்லிப்போட்டியள். என்னில ஒரு பிழையும் இல்லை."

"ஓம், அவற்ற நெஞ்சுக்கு உங்களில பிழை இல்லை," என்றார் புனிதவதி அக்கா. "எங்கட நெஞ்சுக்கு ஆரில பிழை? முப்பது வருசம் கழிச்சு நாங்கள் ஆரைத் தேடிப் போறது? நீங்கள் அப்ப எங்க இருப்பியள்?"

அந்தச் சிரிப்பு நின்றுபோனது. அவர் திரும்பிக் காருக்குள் பார்த்தார். "தியாகலிங்கம், என்னட்டயும் கேஸிலயும் கமம் எண்டுதானே சொன்னனீர்? மகன்ர ஸ்பொன்சரும் ஓடுது, என்ன? இமிகிரேசனுக்கு நான் ஒரு போன் எடுத்தால் காணும்."

கார்க் கதவு திறந்தது. தவமணி அக்கா இறங்கினார். அருள்நாயகத்துக்கு முன்னால் போய் நின்றார்.

"எடுங்கோ. நம்பர் இல்லாட்டி நான் தாறன். அதுக்குப் பிறகு அவையிட்ட நானே போய்ச் சொல்லுவன், இவர் ஏன் பொய் சொன்னவர், நீங்கள் ஏன் சொல்லிக்குடுக்கிறியள் எண்டு. பெடியன் வருவானோ வரமாட்டானோ எனக்குத் தெரியாது. வந்தால் உந்த ஏணியில ஏறமாட்டான்."

அருள்நாயகம் அவரைப் பார்க்காமல் இரண்டாவது வானைப் பார்த்துக் கையைக் காட்டினார். "இறங்குங்கோடா! இறங்கி உள்ள போங்கோ. இவை வேலை வேண்டாம் எண்ட ஆக்கள்."

புதியவர்கள் இறங்கினார்கள். எங்களைக் கண்டு தயங்கினார்கள். அவர்களோடு சண்டைக்குப் போகவேண்டும் என்று எங்கள் பக்கத்தில் ஒருவருக்குக் கை துடித்தது. தியாகலிங்கம் அண்ணை காருக்குள் இருந்தபடியே போர்வையை விலக்கி, சேர்ட்டை மேலே தூக்கினார். அந்தக் குளிரில் வெறும் நெஞ்சு. விலா எலும்பை எண்ணலாம். ஊசி குத்திய இடத்தில், தோலுக்கு அடியில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு கட்டி.

"இஞ்ச வந்து பாருங்கோ, தம்பியவை," என்றார். "தண்ணி எடுக்க ஊசி குத்தினவை. அந்த ஊசி போன பாதையாலயே அது வெளிய வளந்து வந்திட்டுது. தொட்டுப் பாருங்கோ. இது அந்தக் கட்டடத்துக்குள்ள கொட்டுற தூசிதான்."

ஒருவன் கிட்ட வந்தான். முப்பது வயது இருக்கும். தொடவில்லை, பார்த்தான். கன நேரம் பார்த்தான். மற்றவர்களும் ஒருவர் பின் ஒருவராக வந்து பார்த்தார்கள். செத்தவீட்டில் பெட்டியைச் சுற்றி வருவது போலத்தான் அந்த வரிசை போனது. உயிரோடு இருக்கிற மனிதர் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னடா பாக்கிறியள்? அது ஒட்டுற வருத்தம் இல்லை," என்று கத்தினார் அருள்நாயகம். "உள்ள போங்கோ! நல்ல வேலை. தூசி கொஞ்சம், அவ்வளவுதான்."

புனிதவதி அக்கா தன் தும்புத்தடியை அவரிடம் நீட்டினார். "அப்ப நீங்கள் முதல் போங்கோ அண்ணை. கொஞ்சத் தூசிதானே. ஒருக்கால் கூட்டிக் காட்டுங்கோ, எல்லாரும் பின்னால வாறம்."

நாங்கள் எல்லோரும் கதவில் இருந்து விலகி வழி விட்டோம். கதவு திறந்தே இருந்தது. விடியல் வெளிச்சத்தில் உள்ளே தூசி மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது தெரிந்தது. அருள்நாயகம் கதவைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், தன் நல்ல கம்பளிக் கோட்டைப் பார்த்தார். ஓரடி எடுத்துவைத்தார். நின்றார். பிறகு கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார்.

அதை எல்லோரும் கண்டார்கள்.

காரடியில் நின்ற அந்தப் புதியவன் முதலில் அசைந்தான். கதவுப் பக்கம் போகவில்லை. ஒன்றும் சொல்லாமல் எங்கள் வரிசையின் கடைசிக்கு வந்து, கையைக் கோட்டுக்குள் விட்டுக்கொண்டு நின்றான். பிறகு மற்றொருவன். பிறகு மிச்சப் பேர். அமைச்சு அதிகாரியின் கார் இன்னும் வரவில்லை. வந்து என்ன எழுதுவாரோ, நாளைக்கு எங்களுக்கு வேலை இருக்குமோ, மிதுனன் வந்து சேர்வானோ, ஒன்றும் எங்களுக்குத் தெரியாது. வீதிப் பக்கம் பார்த்தபடி தோளோடு தோள் நின்றோம்.

தியாகலிங்கம் அண்ணை சேர்ட்டை இறக்கிவிட்டு, கண்ணாடிக்கு வெளியே கையை நீட்டி அந்தப் புதியவனைக் கூப்பிட்டார்.

"தம்பி, அதில நிக்காதை. கதவுக்கால தூசிக் காத்து அங்காலதான் அடிக்குது. இஞ்சால, எங்கட பக்கம் தள்ளி நில்."